பட்டம் வாங்கியாயிற்று, அப்புறம்?

திருத்துறைப்பூண்டியில் கோயில் கொண்டிருக்கும் சுவாமிக்குப் பிறவி மருந்தீசுவரர் என்று திருநாமம். பிறவி என்னும் பெரிய வியாதிக்கே மருந்து கொடுக்கிறவர்! அசுவினி நட்சத்திரக்காரர்களுக்கு உகந்த ஸ்தலம் என்று பிரசித்தி இருப்பதால் வெளியூர்க்காரர்கள் கார் வைத்துக் கொண்டு வருகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் நடந்தே வருகிறார்கள். அவர்கள் கொண்டு வரும் வியாதிதான் இந்தக் காலத்தில் கொஞ்சம் வேறாக இருக்கிறது.

சென்ற மாதம் அந்தச் சந்நிதியில் என் பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி அர்ச்சனைத் தட்டை நீட்டி, பெண்ணின் பெயர், நட்சத்திரம் எல்லாம் சொன்ன பிறகு, "வேலை கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டுப் பண்ணுங்க சாமி" என்றாள். பெண் பின்னால் தலையைக் குனிந்து கொண்டு நின்றாள். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல் ஒன்று. அதற்குள் என்ன இருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு மார்க் பட்டியலிலிருந்து பட்டச் சான்றிதழ் வரையில் உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு ஃபைல் இருக்கிறது.

பிராகாரம் சுற்றி வருவதற்குள் சிநேகிதமாகி விட்டோம். நான் பத்திரிகைக்காரி என்று தெரிந்ததும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது.

"அப்ப உங்களுக்குத் தெரியாதது இருக்காதும்மா. இவ கணக்குல பி.எஸ்ஸி. எல்லாரும் குரூப் ஃபோர் எழுதுன்னாங்க, எழுதினா. வரலை. மறுபடி எழுதுங்கறாங்க. இவங்க அப்பா இன்னும் ஒரு வருஷம்தான், அப்புறம் மாப்பிள்ளை பார்க்கப் போறேன்னு சொல்லிட்டாரு."

"நீ இப்போது என்னம்மா செய்து கொண்டிருக்கிறாய்?" என்று பெண்ணைக் கேட்டேன்.

"தினமும் ஆன்லைன்ல நோட்டிஃபிகேஷன் வந்திருக்கான்னு பாக்கறேன்க்கா" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு வருஷ அவகாசம் கொடுக்கப்பட்ட பெண், அந்த வருஷத்தை அறிவிப்புக்குக் காத்திருப்பதில் செலவழித்துக் கொண்டிருக்கிறாள். அவள் சோம்பேறி இல்லை. வேலை தேடுவது என்றால் இதுதான் என்று எல்லோரும் சேர்ந்து அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். இந்தக் கட்டுரை அவளுக்காகவும், அவளைப் போன்ற பெண் ஒருத்தி உங்கள் வீட்டில் இருந்தால் அவளுக்காகவும், முக்கியமாக அவளைப் பெற்ற உங்களுக்காகவும்.

பெரிய வரிசை

சர்க்கார் உத்தியோகத்துக்கு முயற்சி செய்ய வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் தஞ்சாவூர்ச் சீமையில் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்த வரிசை எவ்வளவு நீளம் என்பதைத் தெரிந்து கொண்டு நிற்பது நல்லது. 2022-ஆம் வருஷம் நடந்த குரூப் 4 தேர்வை எடுத்துக் கொள்ளுங்கள். அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம். ஓர் இடத்துக்கு முந்நூறு பேர்! இடங்களைப் பின்னால் பத்தாயிரத்துக்கு மேல் உயர்த்தினார்கள் என்பது உண்மை. அப்படியும் ஓர் இடத்துக்கு இருநூறு பேருக்கு மேல்தான்.

நிற்பதென்றால் ஒழுங்காக நிற்க வேண்டும். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். பாதிக் கேள்விகள் தமிழில்தான் வருகின்றன. அந்தத் தமிழ்ப் பகுதியில் நூற்றுக்கு நாற்பது விகிதம் எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். 'தமிழ்தானே, நமக்குத் தெரியாததா' என்று அலட்சியமாக இருந்துவிட்டு அங்கேயே கால் வழுக்கியவர்கள் பலர். பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்பிலிருந்து உள்ள தமிழ்ப் புத்தகங்களை எடுத்து வைத்துக் கொண்டு படிக்க வெட்கப்படக் கூடாது.

இன்னொரு விஷயம், இது அம்மாக்கள் கவனிக்க வேண்டியது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இருபது சதவிகித இடங்களில் முன்னுரிமை என்று 2010-ல் சட்டம் வந்தது. 2020-ல் அதைத் திருத்தினார்கள். கடைசிப் படிப்பு மட்டும் தமிழில் என்றால் போதாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும், அதற்குப் படித்த பள்ளிக்கூடங்களிலிருந்து சான்றிதழ் வாங்கி வைத்திருக்க வேண்டும். பெண் மூன்று பள்ளிக்கூடம் மாறியிருந்தால் மூன்று தலைமை ஆசிரியர்களைப் பார்க்க வேண்டும். தேர்வில் தேறிச் சான்றிதழ் சரிபார்க்கக் கூப்பிடும்போது, ஒன்றாம் வகுப்பு படித்த ஊருக்கு ஓடுவதை விட, இப்போது சும்மா இருக்கும் நாளில் வாங்கி ஃபைலில் போட்டு விடலாம் அல்லவா? அப்படியே எல்லாச் சான்றிதழிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்று போல இருக்கிறதா என்றும் பார்த்து விடுங்கள். ஒன்றில் 'எஸ். லட்சுமி', மற்றொன்றில் 'லக்ஷ்மி எஸ்.' என்று இருந்தால் பிற்பாடு படாத பாடு பட வேண்டும்.

ஒவ்வொரு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் 'தன்னார்வ பயிலும் வட்டம்' என்று ஒன்று உண்டு. போட்டித் தேர்வுகளுக்குக் கட்டணம் வாங்காமல் பயிற்சி கொடுக்கிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலகம் என்றால் பதிவு செய்துவிட்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும் இடம் என்று மட்டும் நினைத்துக் கொண்டிருக்கிறோம். தனியார் நிறுவனங்களை வரவழைத்து முகாம் நடத்துவதும் அவர்கள்தான். திருத்துறைப்பூண்டியிலிருந்து திருவாரூர் முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கும். பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. போய்க் கேட்டாயா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். இல்லை என்றாள். ஏன் என்றதற்குத் தாயாரைப் பார்த்தாள். "தனியா எப்படிம்மா அனுப்பறது?" என்றாள் தாயார். மூன்று வருஷம் தனியாகத்தான் கல்லூரிக்குப் போய் வந்தாளாம்!

பாங்கு உத்தியோகத்துக்கும் தேர்வு உண்டு. அங்கே இங்கிலீஷ் அல்லது ஹிந்தி வேண்டும் என்று பயந்து பின் வாங்கியவர்கள் இப்போது பயப்பட வேண்டாம். பொதுத் துறை பாங்குகளின் குமாஸ்தா தேர்வைத் தமிழ் உள்பட 13 பிராந்திய மொழிகளில் நடத்துவது என்று 2021-ல் முடிவு செய்தார்கள். இங்கிலீஷ் தாளை மட்டும் இங்கிலீஷில்தான் எழுதியாக வேண்டும்.

சரி, இதையெல்லாம் செய்தாயிற்று. நாள் ஒன்றுக்கு நாலு மணி நேரம் படிப்புக்குப் போகட்டும். மீதி நேரம்? முந்நூறில் ஒருத்தியாக நிற்பதைத் தவிர வேறு வழியே கிடையாதா? பெண் கணக்கில் பட்டம் பெற்றவள் என்று சொன்னதும் எனக்கு அவளுடைய பாடத்துக்காரர், அவளுடைய ஜில்லாக்காரர் ஒருவருடைய ஞாபகம் வந்தது. அவரும் வேலை தேடி அலைந்தவர்தான்.

ஜில்லாவின் பெரிய வேலை தேடி

அந்த நாளில் கும்பகோணமும் திருத்துறைப்பூண்டியும் ஒரே தஞ்சாவூர் ஜில்லா. கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த பையன். தகப்பனார் ஜவுளிக் கடையில் குமாஸ்தா. பையன் உபகாரச் சம்பளத்தில் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தான். கணக்கைத் தவிர வேறொன்றையும் திரும்பிப் பார்க்காததால் தேறவில்லை. உபகாரச் சம்பளமும் போயிற்று. சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தான். அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. 1909-ல் கல்யாணம் ஆயிற்று. பெண்டாட்டி பத்து வயதுச் சிறுமி ஜானகி. கல்யாணம் ஆனபின் வேலை வேண்டாமா?

சீனிவாச ராமானுஜன் என்றால் நமக்குக் கணித மேதை என்று தெரியும். கேம்பிரிட்ஜுக்குப் போனது தெரியும். நடுவில் இருக்கும் மூன்று வருஷத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அந்த மூன்று வருஷம் அவர் செய்தது வேலை தேடியதுதான். எப்படித் தேடினார் என்று கவனியுங்கள். கையில் பட்டம் கிடையாது. இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம். தாம் கண்டுபிடித்த கணக்குகளை எழுதி வைத்திருந்த நோட்டு.

1910-ல் அதை எடுத்துக் கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டிபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணித சங்கத்தை ஆரம்பித்தவர். யாரோ ஒரு கலெக்டரைத் தேடிப் போகவில்லை, பாருங்கள். தம் நோட்டைப் படித்தால் புரிந்து கொள்ளக் கூடிய கலெக்டரைத் தேடிப் போனார்! போய்க் கேட்டது என்ன? தாலுக்கா ஆபீஸில் ஒரு குமாஸ்தா உத்தியோகம். நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயருக்கு, இவ்வளவு திறமையை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் போட்டு அமுக்க மனம் வரவில்லை. வேலை கொடுக்கவில்லை. ஆனால் சென்னையிலுள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தார்.

சென்னையில் பேராசிரியர் சேஷு ஐயர். அவர் கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவரே. அவர் மூலமாக நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போக வழி பிறந்தது. ராவ் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்: கிழிந்த நோட்டை அக்குளில் இடுக்கிக் கொண்டு, சவரம் செய்யாத முகத்துடன், பிரகாசிக்கும் கண்களுடன் அந்த வாலிபர் வந்தாராம். முதலில் ராவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ராமானுஜன் என்ன செய்தார் தெரியுமா? எளிய கணக்குகளை முதலில் காட்டினார். அது புரிந்து ராவ் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு, படிப்படியாகப் பெரிய விஷயங்களுக்கு அழைத்துப் போனார். கேட்கிறவர் எந்தப் படியில் நிற்கிறாரோ அந்தப் படியிலிருந்து பேச்சை ஆரம்பிக்கத் தெரிந்திருந்தது அவருக்கு.

ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். ஆனால் ஒருவருடைய தயவில் நெடுநாள் இருக்க ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை. 1912-ன் தொடக்கத்தில் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் மாதம் 20 ரூபாய்க்குத் தற்காலிக வேலை, சில வாரங்கள்தான். பிப்ரவரி 9-ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு ஒரு மனு எழுதினார். அந்த மனுவைப் படித்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். ஒரு பக்கம் கூட வராது. மெட்ரிகுலேஷன் தேறியது, எஃப்.ஏ. வரை படித்தது, பிரதிகூலமான சந்தர்ப்பங்களால் மேலே படிக்க முடியாமல் போனது, அதிலிருந்து முழு நேரமும் கணிதத்திலேயே செலவிட்டது, வேலை கொடுத்தால் நியாயமாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை இருப்பது. அவ்வளவே. பொய்யும் இல்லை, அழுகையும் இல்லை. கூடவே பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதம். மார்ச் 1-ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

'அவர் மேதை, எங்கள் பெண் மேதையா?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மிடில்மாஸ்ட் துரையின் கடிதத்தைப் பாருங்கள். எண்களில் விசேஷத் திறமை உள்ளவர், கணக்குப் போடுவதில் வெகு வேகம் என்று எழுதினார். ஒரு குமாஸ்தாவிடம் ஆபீஸ் எதை எதிர்பார்க்குமோ அதைச் சொன்னார். அந்த அளவுக்கு உங்கள் பெண்ணுக்கும் ஏதாவது ஒன்று வராமலா இருக்கும்?

அந்த 30 ரூபாய் வேலையோடு கதை நிற்கவில்லை. துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் கணிதத்தில் பிரியம் உள்ளவர். தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஊக்கம் கொடுத்தார். அந்த மேஜையில் உட்கார்ந்து கொண்டே சீமையிலுள்ள பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார் ராமானுஜன். கேம்பிரிட்ஜில் இரண்டு பேர் உதவவில்லை. 1913 ஜனவரி 16-ஆம் தேதி ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி பதில் எழுதினார். அந்த வருஷம் மே மாதம் சென்னை சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். இரண்டு பேரோடு நிறுத்தியிருந்தால்? நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

உன் நோட்டு எங்கே?

இவ்வளவையும் அந்தப் பெண்ணிடம் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக் கொண்டே சொன்னேன். அவள் சட்டென்று கேட்டாள்: "என்கிட்ட நோட்டு இல்லையேக்கா?"

நல்ல கேள்வி. ஃபைலில் இருப்பது பிறர் நமக்குக் கொடுத்தது. நோட்டு என்பது நாம் செய்து காட்டியது. வேலை கொடுக்கிறவர் பி.எஸ்ஸி. சான்றிதழ்களை நூறு பார்த்திருப்பார். 'இந்தப் பெண் என்ன செய்வாள்' என்பதற்கு அதில் பதில் இல்லை.

பி.காம். படித்தவளா? சித்தப்பாவின் மளிகைக் கடையில் ஒரு மாதக் கணக்கை அவருடைய அனுமதியோடு டாலியில் போட்டு எடுத்து வைக்கட்டும். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு சின்ன ஊர்களில் கூட வியாபாரிகள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. உரக்கடை, அரிசி ஆலை, இரும்புக்கடை எல்லாரும் ஆடிட்டர் ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறார்கள். அங்கே கை வேகமும் நிதானமும் உள்ள பெண்கள் தேவைப்படுகிறார்கள். இந்த வேலைக்கு எந்தப் பத்திரிகையிலும் விளம்பரம் வராது. நோட்டிஃபிகேஷனும் வராது.

தாவரவியல் படித்தவளா? திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில்தான் ஆதிரெங்கம். 2018 டிசம்பரில் காலமான நெல் ஜெயராமன் அங்கே நெல் திருவிழா நடத்தி, 170-க்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். ஒரு விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பி வாங்கும் ஏற்பாடு. வீட்டைச் சுற்றி வயல் இருக்கும் பெண், தன் ஊரில் யார் யார் என்ன ரகம் நடுகிறார்கள், எத்தனை நாள் பயிர், என்ன நோய் வந்தது என்று ஒரு பருவம் முழுக்க எழுதி வைத்தால், விதைக் கம்பெனிக்காரனோ, ஆராய்ச்சி நிலையமோ, தொண்டு நிறுவனமோ அதைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். டெல்டா 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக ஆகியிருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு வேலை வருமானால் நெல்லை ஒட்டித்தான் வரும்.

கணக்குப் பெண்ணுக்கு? தெருவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மூன்று மாதம் சொல்லிக் கொடுத்து, முதல் நாள் என்ன மார்க், கடைசி நாள் என்ன மார்க் என்று எழுதி வைத்தால் அதுவே நோட்டு.

நெல் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையங்களுக்குப் பருவகாலப் பட்டியல் எழுத்தர்களை எடுப்பது உண்டு. விஞ்ஞானப் பட்டதாரிகள் மனுப் போடலாம். நிரந்தரம் இல்லை. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டையும் தூசியும் விவசாயிகளின் கோபமுமாக இருக்கும் வேலை. ஆனாலும் ஒரு பருவம் அங்கே பட்டியல் போட்ட பெண்ணுக்கு அதற்கப்புறம் எந்த ஆபீஸைக் கண்டும் பயம் வராது. கூட்டுறவுச் சங்கங்களில் உதவியாளராகப் போக வேண்டுமானால், பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அந்தப் பட்டயப் படிப்பை இந்த ஒரு வருஷத்திலேயே படித்து விடலாம். 1961-ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டத்தை 2014-ல் திருத்தி, பி.ஏ., பி.காம். படித்தவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறார்கள். கம்பெனியில் உதவித் தொகையோடு வேலை பழகலாம். இன்ஜினீயர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து நம் பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

மனு எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பட்டம் வாங்கிய வருஷம் நாற்பது மனுக்கள் அனுப்பினேன். நாற்பதும் ஒரே அச்சு. மேலே கம்பெனிப் பெயரை மட்டும் மாற்றுவேன். ஒன்றில் மாற்ற மறந்து போய், ஒரு கம்பெனிக்கு எழுதிய கடிதத்தில் 'தங்கள் நிறுவனத்தில் பணி புரிவது என் சிறு வயதுக் கனவு' என்று அதன் போட்டிக் கம்பெனியின் பெயரைப் போட்டு அனுப்பி விட்டேன்! பதில் வரவில்லை என்று ஆறு மாதம் உலகத்தை நொந்து கொண்டேன். நாற்பது அச்சுக் கடிதத்தை விட, விசாரித்து எழுதிய நாலு கடிதம் மேல். யாருக்கு எழுதுகிறோம், அவருக்கு என்ன தேவை, நம்மால் அதில் எது முடியும், எப்போது வந்து பார்க்கலாம். ஒரு பக்கம் போதும். வேலை இல்லை என்று சொல்கிறவரிடம், 'வேறு யாரைப் பார்க்கலாம் சார்?' என்று ஒரு கேள்வி. ராமசாமி ஐயரிடமும் வேலை கிடைக்கவில்லை. அடுத்த விலாசம் கிடைத்தது.

கவனம்!

அவசரத்தில் இருப்பவர்களைத் தேடி வேறு சில பேர் வருவார்கள். வேலை நிச்சயம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்பார்கள். நேர்மையான கம்பெனி எதுவும் வேலை கொடுப்பதற்கு உங்களிடம் பணம் கேட்காது. இதில் விதிவிலக்கே கிடையாது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர்ப் பக்கத்திலிருந்து கடல் கடந்து போவது தலைமுறைப் பழக்கம். போகட்டும். ஆனால் அரசாங்கத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டா என்று பார்க்க வேண்டும். அவர் சேவைக் கட்டணமாக வாங்கக் கூடியது 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் என்று விதி இருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்து விடுங்கள். தமிழக அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை 1978-லிருந்து நடத்துகிறது. அதைக் கேட்காமல் வாட்ஸ்அப்பில் வந்த விலாசத்தை நம்பலாமா? 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகளை மியான்மருக்குக் கடத்தி, இணையத்தில் மோசடி செய்யும் வேலையில் பலவந்தமாக உட்கார வைத்தார்கள். மாட்டிக் கொண்டவர்கள் படிப்பில்லாதவர்கள் அல்ல. படித்தவர்களைத்தான் அந்தக் கூட்டம் தேடியது.

வீட்டில் உள்ளவர்களுக்கு

இனிமேல் சொல்லப் போவது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கலாம்.

அந்தப் பெண்ணின் ஒரு நாளை விசாரித்தேன். காலையில் தம்பிக்கு டிபன், அப்புறம் ரேஷன் கடை, மாவு அரைப்பது, பாட்டிக்கு மருந்து, சாயந்திரம் அண்ணன் குழந்தை. வீட்டில் 'சும்மா' இருக்கும் பெண் இவள். படிக்க உட்காருவது இரவு ஒன்பதரைக்கு. இதே வீட்டில் பையன் வேலை தேடினால், 'அவனைத் தொந்தரவு பண்ணாதே, படிக்கிறான்' என்று கதவைச் சாத்தி விட்டுப் போவோம். இவளுக்கு ஒரு வருஷம் கொடுத்திருப்பதாக அப்பா நினைக்கிறார். உண்மையில் கொடுத்திருப்பது இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை!

காலையில் மூன்று மணி நேரம். திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் தனியாகப் போய் வர பஸ் சார்ஜ். கல்யாண வீட்டில் உறவுக்காரர்கள் 'இன்னும் ஒண்ணும் அமையலையா?' என்று கேட்கும்போது, அவளுக்கு முன்னால் நீங்கள் ஒரு பதில் சொல்வது. இவை மூன்றும் கொடுத்தால் அவருடைய வருஷம் வருஷமாக இருக்கும். 1989-லேயே தமிழ்நாட்டு அரசு உத்தியோகங்களில் பெண்களுக்கு முப்பது சதவிகிதம் ஒதுக்கினார்கள். சர்க்கார் இடம் கொடுத்தது. வீட்டு அடுப்பங்கரை நேரம் கொடுக்க வேண்டாமா?

"எங்களுக்கு யாரும்மா தெரியும்?" என்றாள் அந்தத் தாயார். ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம் அப்போது. இவள் தெருவில் மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. இவள்தான் அதன் பொருளாளர். பாங்கு மானேஜரைத் தெரியும். குழுவின் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டரைத் தெரியும். "அவரு ஆபீஸ்ல எப்பப் பார்த்தாலும் பேப்பர் மலையா குவிஞ்சு கிடக்கும்மா" என்று சொல்லிக் கொண்டே போனவள், பாதியில் நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள். மகள் தாயாரைப் பார்த்தாள். யாரையும் தெரியாது என்று சொன்னது அந்த அம்மாள்தான்!

அங்கேயே ஒரு தாளில் ஆடிட்டருக்குக் கடிதம் எழுதினோம். குழுவின் கணக்கை இரண்டு வருஷமாக அம்மாவுக்கு எழுதிக் கொடுத்ததே இந்தப் பெண்தான் என்று அப்போதுதான் வெளிவந்தது. "அதெல்லாம் ஒரு வேலையாக்கா?" என்றாள். இரண்டு வருஷத்து நோட்டு வீட்டில் பரண் மேல் இருக்கிறது. நோட்டே இல்லை என்று கோயில் வாசலில் கண் கலங்கினாள்! கணக்கில் பி.எஸ்ஸி., குழுக் கணக்கில் இரண்டு வருஷப் பழக்கம், டாலி கற்றுக் கொண்டிருப்பது, எந்த நாள் வந்து பார்க்கலாம் என்ற கேள்வி. முக்கால் பக்கம் வந்தது. இரண்டு பிரதி எடுத்தோம்.

ஊருக்குத் திரும்பி நாலு நாள் கழித்துக் கைப்பேசியில் அந்த அம்மாள் கூப்பிட்டாள். ஆடிட்டர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறாராம், குழு நோட்டையும் எடுத்துக் கொண்டு. குரூப் 4 படிப்பையும் விடப் போவதில்லை. பயிலும் வட்டத்துக்குத் திருவாரூர் போய்ப் பெயர் கொடுத்தாயிற்று, தனியாகத்தான். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"சம்பளம் எவ்வளவுன்னு முதல் நாளே கேக்கலாமாம்மா? மரியாதையா இருக்குமா?"

தாராளமாகக் கேட்கலாம் என்றேன். ராமானுஜன் ஹார்டி துரைக்கு எழுதிய கடிதத்தில் கணக்குக்கு வருவதற்கு முன்பே, முதல் வாக்கியத்தில், தமக்கு வருஷத்துக்கு 20 பவுன்தான் சம்பளம் என்று எழுதி விட்டார்!